கிளச் மிதி எழும்பாவிட்டால் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் வாகனப் பக்கத்தில் ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்வியையும் நீங்கள் வெளியிட்ட பதிலையும் படித்தேன். கிளச் மிதியை அழுத்தினால் அது கீழேயே நின்றுவிடுகிறது, காலால் தூக்கிவிட வேண்டியிருக்கிறது என்று அவர் எழுதியிருந்தார். கிளச் தட்டு தேய்ந்துவிட்டது, முழு செட்டையும் மாற்றுங்கள் என்று ஒன்றரை வரியில் பதில் வந்திருந்தது. அந்த ஒன்றரை வரியின் விலை எனக்குத் தெரியும். மே மாதம் இதே நோய்க்கு இதே மருந்தை எனக்கும் ஒருவர் எழுதித் தந்தார். தொகை 118,000 ரூபாய்.

நான் வாகனத் தொழில் படித்தவள் அல்ல. புறக்கோட்டையில் ஒரு புடைவை மொத்த வியாபாரக் கடையில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். வயது 62. காரை வாங்கியவர் என் கணவர். அவருடைய முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை நடந்த பிறகு ஓட்டுகிறவள் நான். 1999ஆம் ஆண்டு ஜப்பானில் செய்த கார், கையால் கியர் மாற்றுகிற வகை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. திறந்த கையோடு வரிகளைப் பார்த்துவிட்டு, புதிய கார் பற்றிய பேச்சை எங்கள் வீட்டில் நிறுத்திக்கொண்டோம். பழைய காரோடு குடும்பம் நடத்துகிறவர்கள் இந்த நகரத்தில் என்னைப் போல் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதைச் சற்று நீட்டி எழுதுகிறேன். வெட்டாமல் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

நடந்தது காலி வீதியில், டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தைச் சந்தியருகே. பகல் இரண்டு மணி, தார் கொதிக்கிற வெயில். சிவப்பு விளக்குக்குக் கிளச்சை அழுத்தி நின்றேன். பச்சை விழுந்ததும் காலை எடுத்தேன். கால் வந்தது, மிதி வரவில்லை. செருப்பு நுனியை மிதிக்கு அடியில் செருகித் தூக்கினேன். அது பாதிவரை சோம்பலாக வந்து, பிறகு ஒரேயடியாக எழுந்தது. கார் தவளைபோல் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, முன்னால் நின்ற முச்சக்கர வண்டிக்கு ஒரு சாண் இருக்கையில் அணைந்து நின்றது. எனக்குப் பின்னால் 101ஆம் இலக்க பஸ். அதன் சாரதி என் பரம்பரையைப் பற்றிச் சிங்களத்தில் சொன்னவற்றை மொழிபெயர்க்கும் எண்ணம் எனக்கில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தால் சி.ஆர். கொப்பி என்கிற தடித்த அட்டைக் கொப்பியில் குறித்து வைத்தேன். அடுத்த நான்கு நாட்களும் குறித்தேன். காலையில் மிதி ஒழுங்காக எழுகிறது. ஒரு மணி நேரம் நெரிசலில் நின்று நின்று ஓடினால் மந்தமாகிறது. எஞ்சினை அணைத்த பிறகும், சூடு ஆறும்வரை மந்தம் இருக்கிறது. இரவு ஆறவிட்டால் மறுநாள் காலை நல்ல பிள்ளை. இந்த நான்கு வரிகளும் பின்னர் எவ்வளவு உதவின என்பதை நினைத்தால், நோய் கண்ட வாகனத்துக்கு ஒரு கொப்பி போடுவது எஞ்சின் ஒயில் மாற்றுவதற்குச் சமமான காரியம் என்றே சொல்வேன்.

முதலில் போன கராஜில் ஓர் இளைஞர் சாரதி ஆசனத்தில் உட்கார்ந்து இரண்டு முறை மிதித்தார். பொனட்டைத் திறக்கவில்லை. "அன்ரி, கிளச் முடிந்துவிட்டது" என்றார். தேய்ந்திருப்பதை எப்படிக் கண்டீர்கள் என்று கேட்டேன். ஓடிய கிலோமீற்றர்களைக் காட்டினார். தட்டு, அதை எஞ்சினோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் பெயரிங், கியர் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலி என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் எண்ணவில்லை. இத்தனை ஓடிய காரில் தட்டு தேய்ந்திருக்கும் என்பது நியாயமான ஊகம்தான். ஆனால் ஊகத்தைப் பேரேட்டில் பதிய முடியாது.

தட்டு தேய்ந்தால் என்ன நடக்கும் என்பது அன்றிரவு என் கணவர் சொல்லித் தெரிந்துகொண்டது. தேய்ந்த தட்டு வழுக்கும். ஏற்றத்தில் நான்காம் கியரில் அக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் இரையும், வேகம் ஏறாது. கருகல் வாசம் வரும். ஆனால் மிதி தன்பாட்டில் மேலே வரும், கீழே போகும். மிதியை மேலே தள்ளுவது பிரஷர் பிளேட்டிலுள்ள வில்லும் மிதியடியிலுள்ள சுருள் வில்லும்தான், தட்டு அல்ல. பெயரிங் தன் குழாயில் இறுகினாலோ, வில்லின் விரல்கள் உடைந்தாலோ மிதி சிக்கலாம் என்பது உண்மை. அவற்றைப் பார்க்கத்தான் கியர் பெட்டியை இறக்க வேண்டும். எனவே அவற்றைக் கடைசியாகத்தான் விசாரிக்க வேண்டும். என் கராஜ்காரரும் உங்கள் பதிலாளரும் தொடங்கியதே அங்கேதான்.

எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் தளத்திலிருப்பவர் சொல்லி, ஒரு ஞாயிறு அதிகாலை, வீதிகள் வெறுமையாக இருந்த நேரத்தில், மாளிகாவத்தையிலுள்ள ஒரு சிறு கராஜுக்கு ஓட்டிச் சென்றேன். எழுபதைத் தாண்டிய ஒரு நானா. சாரத்தை மடித்துக் கட்டி, கண்ணாடியைக் கறுப்பு நூலால் கழுத்தில் மாட்டியிருந்தார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். 62 வயதில் ஒருவர் தங்கச்சி என்றால் யாருக்குத்தான் கசக்கும்? கொப்பியைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "சூட்டில் மட்டும் என்றால் நல்லதுதான், அது நமக்கு வழி காட்டும்" என்றார்.

காரில் முதலில் அவர் கை வைத்தது தரை விரிப்பில். மழைக்கென்று பழைய விரிப்பின் மேலேயே புதிதாக ஒரு தடித்த இறப்பர் விரிப்பைப் போட்டிருந்தேன். இரண்டையும் உருவி வெளியே போட்டார். மிதி விரிப்பில் மாட்டிக்கொண்டதால் மட்டும் தன்னிடம் வந்த கார்கள் பல உண்டு என்றார். என் காரில் நோய் அதுவல்ல. ஆனால் ஒரு சதமும் செலவில்லாத சோதனை.

பிறகு மிதி மந்தமாகும்வரை எஞ்சினைச் சூடேற விட்டு அணைத்து, தரையில் சாக்கு விரித்துப் படுத்து, மிதியைக் கையால் அழுத்தினார். கால் ஒரு முரடு, அதற்குச் செய்தி கேட்காது என்பது அவர் கட்சி. கையால் அழுத்தும்போது நறநறவென்று உரசினால் மிதி தொங்குகிற அச்சில் புஷ் தேய்ந்திருக்கும் அல்லது துரு இருக்கும். பஞ்சுபோல் அமிழ்ந்தால் குழாயில் காற்று. மெல்ல இறங்கி, மெல்லத்தான் திரும்பினால் வேறு கதை. என் மிதி மூன்றாம் வகை. டோர்ச் வெளிச்சத்தில், மிதியிலிருந்து சுவருக்குள் போய், அப்பால் மேல் சிலிண்டரிலுள்ள திரவத்தைத் தள்ளுகிற தண்டின் இறப்பர் உறையை விரலால் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். ஈரமில்லை. உறைக்குக் கீழே பெயின்ற் உரிந்திருக்கிறதா என்றும் பார்த்தார். கிளச்சிலும் அந்தத் திரவம் பிரேக் ஒயில்தான்; கசிந்தால் பெயின்றைத் தின்றுவிடும். உரிந்திருக்கவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மிதியையும் தண்டையும் இணைக்கிற ஊசியைக் கழற்றினார். இப்போது மிதி தனி, சிலிண்டர் தனி. மிதியை விரலால் தட்டினார். ஊஞ்சல்போல் ஆடி, சுருள் வில் இழுக்க மேலே போய் நின்றது. ஆக, அச்சும் புஷ்ஷும் வில்லும் குற்றமற்றவை. தண்டைக் கையால் உள்ளே தள்ளி விட்டார். அது போன இடத்திலேயே சற்று நேரம் யோசித்துக்கொண்டிருந்தது. கணக்கு ஒட்டாத நாட்களில் பேரேட்டை நடுவில் பிரித்து, எந்தப் பாதியில் பிழை என்று முதலில் தேடுவோம். அதையே அவர் ஓர் ஊசியைக் கழற்றிச் செய்துவிட்டார்.

ஊசியை மாட்டிவிட்டு என்னை ஆசனத்தில் ஏற்றினார். அவர் காருக்கு அடியில். நான் மிதியை அழுத்த, குழாய் வழியே வரும் திரவத்தால் கியர் பெட்டியின் பக்கத்திலுள்ள கீழ் சிலிண்டர், அதாவது ஸ்லேவ் சிலிண்டர், ஒரு கவைக்கோலைத் தள்ளுகிறது. அழுத்தும்போது கோல் சரியாக நகர்ந்தது. காலை எடுக்கச் சொன்னார். மிதியும் வரவில்லை, கோலும் வரவில்லை. "இனிக் கவனியுங்கள்" என்று சொல்லி, கீழ் சிலிண்டரில் காற்று எடுப்பதற்கென்று இருக்கிற சிறு நிப்பிளை ஸ்பானர் சாவியால் கால் சுற்று திருகினார். சளக்கென்று திரவம் தெறித்தது. கோல் டக்கென்று தன் இடத்துக்குப் போன சத்தம் மேலே இருந்த எனக்கே கேட்டது.

அந்தக் கால் சுற்றில் வழக்கு முடிந்தது. அழுத்தத்தைத் திறந்துவிட்டவுடன் கோல் திரும்புகிறது என்றால் கோலும் பெயரிங்கும் பிரஷர் பிளேட்டின் வில்லும் சுதந்திரமாக இருக்கின்றன. திரவத்தைத்தான் மேலே எதுவோ திரும்பவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் கோல் அசையாமல் நின்றிருந்தால் கியர் பெட்டியை இறக்குவதில் நியாயம் உண்டு. 118,000 ரூபாய்க்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை இது. ஒரு சாவி, ஒரு பழந்துணி, ஐந்து நிமிடம்.

இந்த இடத்தில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். பொனட்டைத் திறந்து மேல் சிலிண்டரின் சிறு தொட்டி மூடியைக் கழற்றினார். மூடிக்குள் கறுப்பாக ஓர் இறப்பர் வளையம் இருக்கும், மணிக்கட்டு வளையலில் பாதி அளவு. அது மூடியோடு வராமல் நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. ஊறிய உழுந்துபோல் பருத்திருந்தது. மறுபடி உள்ளே வைக்கப் பார்த்தார். தன் பள்ளத்திலேயே அது அடங்கவில்லை. நானா என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இதற்குள் என்ன ஊற்றினீர்கள்?"

ஊற்றியவள் நான்தான். மார்ச்சில் தொட்டியில் மட்டம் இறங்கியிருந்தது. வீட்டில் கணவரின் சாமான் தட்டில் லேபல் உரிந்த இரண்டு போத்தல்கள், இரண்டிலும் வெளிர் மஞ்சள் திரவம். ஒன்று பிரேக் ஒயில், மற்றது பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் கனிம எண்ணெய். எதை எடுத்தேன் என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். இரண்டு மேசைக்கரண்டி அளவுதான் இருக்கும். நானா ஒரு பிளேன்ரீ கிளாசில் தண்ணீர் எடுத்து, தொட்டியிலிருந்து சில துளிகளை விட்டார். நல்ல பிரேக் ஒயில் தண்ணீரில் கரைந்துவிடும். என் துளிகளில் ஒரு பங்கு கரைந்தது; மற்றது கோழிக் குழம்பின் மேல் எண்ணெய் மிதக்குமே, அப்படி வட்டம் வட்டமாக மேலே நின்றது.

பிரேக் ஒயில் என்பது பெயரில்தான் ஒயில். அது கிளைகோல் வகைத் திரவம். அதற்கேற்ற இறப்பரைத்தான் பிரேக்கிலும் கிளச்சிலும் போடுகிறார்கள். அந்த இறப்பருக்குக் கனிம எண்ணெய் பகை. பட்டால் ஊதும். மூடியில் மட்டுமல்ல, சிலிண்டருக்குள் இருக்கிற இறப்பர் வளையமும் அப்படி ஊதி இறுகும், சூட்டில் இன்னும் இறுகும். திரவம் தொட்டிக்குத் திரும்புகிற ஊசிமுனைத் துளை ஒன்று உள்ளே உண்டு, அதையும் அடைத்துவிடும். என் கொப்பியின் நான்கு வரிகளுக்கும் விடை அதில் இருந்தது.

மட்டம் இறங்கியதே ஒரு செய்தி என்றார் நானா. பிரேக்கில் பட்டை தேயத் தேய மட்டம் தானாக இறங்கும். கிளச்சில் அப்படி இறங்குவதற்குக் காரணமே இல்லை. இறங்கினால் எங்கோ கசிகிறது. கீழ் சிலிண்டரின் உறையை மடித்துக் காட்டினார், உள்ளே வியர்த்திருந்தது. நான் கசிவைத் தேடாமல் பள்ளத்தை நிரப்பியிருக்கிறேன், அதுவும் பிழையான மண்ணால். கணக்காளர் ஒருத்தி செய்யக்கூடிய காரியமா?

மருந்து: மேல் சிலிண்டருக்கும் கீழ் சிலிண்டருக்கும் இறப்பர் கிட், இடையிலுள்ள இறப்பர் குழாய், மூடியின் வளையம். எண்ணெய் பட்ட இறப்பர் எதையும் விட்டுவைக்கக் கூடாது. ஒன்றை விட்டால் அது புதியவற்றோடு மறுபடி தொடங்கும். உலோகக் குழாயை மெதிலேற்றட் ஸ்பிரிட்டால் கழுவி ஊதிக் காயவைத்தார். சிலிண்டரின் உட்சுவரை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கீறலோ குழியோ இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை, முழுச் சிலிண்டரையே மாற்ற வேண்டும். என்னுடையது கண்ணாடிபோல் இருந்தது.

கிட் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போனவள் நானே. பழைய சிலிண்டரைப் பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார். அதன் உடம்பில் 5/8 என்று வார்த்திருக்கும், உள் விட்டம் அங்குலத்தில். கார் மொடலை மட்டும் சொல்லிக் கேட்டால் ஒரு கடையில் ஒன்றும் அடுத்த கடையில் இன்னொன்றும் தருவார்கள். பெட்டியில் எல்லாம் ஒரே படம்தான். இரண்டாவது கடையில், எண்ணைக் காட்டி, வளையத்தைச் சிலிண்டரில் பொருத்திப் பார்த்த பிறகே காசைக் கொடுத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

கடைசியில் காற்று எடுத்தல். நான் மேலே, அவர் கீழே. "அழுத்துங்கள், பிடியுங்கள், விடுங்கள்." நிப்பிளில் ஒரு தெளிந்த குழாயை மாட்டி, மறுமுனையைப் போத்தலிலுள்ள ஒயிலுக்குள் அமிழ்த்தி வைத்திருந்தார். முதலில் கடலை அளவுக் குமிழிகள், பிறகு கடுகு அளவு, பிறகு ஒன்றுமில்லை. தொட்டியை வற்றவிடாமல் பார்க்க ஒரு பொடியனை நிறுத்தியிருந்தார். நாற்பது வரை எண்ணினேன், பிறகு தொடை வலி எண்ணிக்கையை மறக்கடித்துவிட்டது. நாற்பத்திச் சொச்சத்தில் மிதி இறுகி, காலை எடுத்தவுடன் அறைந்தாற்போல் மேலே வந்தது. கூலியும் சாமான்களுமாக 14,650 ரூபாய். அதில் பிரேக் ஒயில் போத்தலும் அடக்கம். மிச்ச ஒயிலை வீட்டுக்குக் கொண்டுபோக அவர் விடவில்லை. திறந்த போத்தல் கொழும்புக் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிரேக் ஒயிலில் டொட் 3 என்கிற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டியது, ஈரம் ஏறினால் 140 பாகைக்கே இறங்கிவிடலாம்.

முதல் கராஜ் இளைஞருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "எப்படியும் தட்டு ஒருநாள் போகும், அன்ரி" என்றார். போகட்டும். போகும்போது அதற்கான வவுச்சரை எழுதுகிறேன்.

மிதிக்கும் கியர் பெட்டிக்கும் இடையே திரவமே இல்லாத கார்களும் உண்டு. எங்கள் தொடர்மாடியிலேயே நிற்கிற மாருதி அல்டோவில் கிளச் கேபிளில் ஓடுகிறது. அவற்றில் சிக்குவது பெரும்பாலும் கேபிள்: உறைக்குள் ஓர் இழை அறுந்து மற்ற இழைகளின் மேல் சுருண்டுகொள்ளும். மிதி கனக்கும், படிப்படியாகத் தடக் தடக் என்று இறங்கும். அங்கும் கேபிளைக் கழற்றிவிட்டு மிதியைத் தனியாக ஆட்டிப் பார்க்கும் அதே வித்தைதான். எண்ணெய் விட்டு நாளைக் கடத்த வேண்டாம். மிஞ்சிய இழைகள் அறுகிற நேரமும் இடமும் நம் கையில் இல்லை.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜப்பானிலிருந்து ரெகண்டிஷன் செய்து வந்த கார்களின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கிறது. எங்கள் கார்ப் பெட்டியில் அது 20 வருடத்துக்கு மேலாக ஒரு சாமிப் படம்போல் கிடக்கிறது, யாரும் வாசித்ததில்லை. ஆண்டுதோறும் வாகன வருமான உத்தரவுப் பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அங்கே புகையைப் பார்ப்பார்கள், மிதியை யாரும் தொடுவதில்லை. ஆகவே தமிழில் வாசிப்பவருக்கு உங்கள் வாகனப் பக்கம் சிறிய விஷயம் அல்ல. பதில் எழுதுகிறவர் எதை மாற்ற வேண்டும் என்று சொல்வதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லட்டும். சூட்டிலா குளிரிலா, மிதி எழாதபோது கார் நகருகிறதா இல்லையா, தொட்டியில் மட்டம் என்ன என்று மூன்று கேள்வியாவது திருப்பிக் கேட்கட்டும்.

கையேட்டைச் சாட்டித் தப்பவும் என்னால் முடியவில்லை. வேலை முடிந்த பிறகு அந்தத் தொட்டி மூடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். தூசுக்கு அடியில் எழுத்துகள் மேலெழுந்து நின்றன: டொட் 3 பிரேக் திரவம் மட்டும் பயன்படுத்தவும் என்று, ஜப்பானிய மொழியில் அல்ல, நன்றாக வாசிக்கக்கூடிய ஆங்கிலத்தில்.

ஹட்டன் வாசகரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. என் காரில் கிளச்சுக்குத் தனித் தொட்டி, பிரேக் தப்பியது. பல கார்களில் பிரேக் தொட்டியின் பக்கத்திலிருந்தே ஒரு சிறு குழாய் கிளச்சுக்குப் போகிறது. அவருடையது அந்த வகையாக இருந்து, தொட்டியில் யாராவது பிழையான எண்ணெயை ஊற்றியிருந்தால், ஊதிக்கொண்டிருப்பது பிரேக்கின் இறப்பரும்தான். அவர் ஓட்டுவது மலை இறக்கத்தில். அவருடைய தொலைபேசி இலக்கம் உங்கள் அலுவலகத்தில் இருக்குமானால் அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காமல் இன்றே கூப்பிட்டு, மூடியைத் திறந்து அந்த இறப்பர் பருத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பருத்திருந்தால் கராஜுக்குக்கூட அவர் அதை ஓட்டிப்போக வேண்டாம், கட்டி இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். லொறியில் ஏற்றி அனுப்பட்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.